அழைப்புக்கு ஓர் உறை

தலையணைக்கு உறை போடுகிறோம். அழுக்கு உறையில் படிகிறது. உள்ளிருக்கும் தலையணை தூய்மையாக இருக்கிறது. உறையைக் கழற்றித் துவைக்கலாம். கிழிந்தால் வேறு உறை மாற்றலாம். இந்த எளிய ஏற்பாட்டையே நிரல் எழுதுவோர் 'டெக்கரேட்டர்' என்னும் பெயரில் கையாளுகின்றனர். அச்சொல்லுக்கு அணிசெய்வது என்று பொருள். ஆயினும் நான் சொல்லவந்த இடத்தில் அது அழகூட்டுவதில்லை, காவல் செய்கிறது. ஆகவே இக்கட்டுரையில் அதனை 'உறை' என்றே வழங்குகிறேன்.

நான் முதுகலையில் கணினி அறிவியல் பயில்கிறேன். இந்த ஆண்டு மலரைத் தமிழ் பயில்வோரும், வணிகவியல் பயில்வோரும், பிற துறைப் பேராசிரியப் பெருமக்களும் படிப்பார்கள். ஆதலின் செய்தியை அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

அழைப்பு என்பது யாது?

இன்று எந்த மென்பொருளும் தன் வேலை முழுவதையும் தானே செய்துகொள்வதில்லை. தேர்வுக் கட்டணம் செலுத்தும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பணத்தை வாங்க அது வங்கியின் கணிப்பொறியைக் கேட்கிறது. மாணவரின் பதிவெண் சரிதானா என்று இன்னொரு கணிப்பொறியைக் கேட்கிறது. பணம் வந்து சேர்ந்ததும் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும்படி மூன்றாவது ஒன்றைக் கேட்கிறது. இவை மூன்றும் வெவ்வேறு ஊர்களில் இருக்கலாம். இவ்வாறு ஒரு மென்பொருள் மற்றொன்றிடம் வேலை கேட்பதே சேவை அழைப்பு.

நிரலில் இந்த அழைப்பு ஒரே ஒரு வரிதான். இரண்டையும் மூன்றையும் கூட்டு என்று எழுதும் வரியும், வங்கியைக் கேள் என்று எழுதும் வரியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கூட்டல் தவறாது, அழைப்பு தவறும். கம்பி அறுந்திருக்கலாம், எதிர்முனையில் கூட்டம் மிகுந்திருக்கலாம், கேள்வி போய்ச் சேர்ந்து, விடை மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பீட்டர் டாய்ட்ச் என்பவர் 1994ஆம் ஆண்டில், வலையமைப்பைப் பற்றி நிரலாளர் கொள்ளும் பொய்யான நம்பிக்கைகளைப் பட்டியலிட்டார். அதில் முதலாவது, 'வலையமைப்பு நம்பத்தகுந்தது' என்பது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சேவை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாக விடை தருகிறது. நல்ல சேவை என்றே சொல்வோம். ஆனால் ஒரு வேலைக்கு இத்தகைய ஐந்து சேவைகள் வரிசையாக வேண்டுமானால், ஐந்தும் ஒருசேர நிறைவேறும் வாய்ப்பு 0.99ஐ ஐந்து முறை பெருக்கி வருவது. அதாவது ஏறத்தாழ 95 விழுக்காடு. நூறு மாணவர் கட்டணம் செலுத்த வந்தால் ஐவர் திரும்பிப் போக வேண்டும். ஒவ்வொரு சேவையும் நன்றாக இருந்தும் முழுமை நன்றாக இல்லை.

உறை அமையும் விதம்

பொருள்களுக்கு மேல் பொருள்களைப் போர்த்தும் இம்முறையை, 1994இல் வெளிவந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' என்னும் நூலில் எரிக் காமா முதலிய நால்வர் தாங்கள் தொகுத்த 23 அமைப்புகளுள் ஒன்றாக விளக்கினர். பைதான் மொழியில் இதன் உறவுமுறையான ஒரு வசதி 2004இல், 2.4ஆம் பதிப்பில் வந்தது. அங்கு ஒரு செயற்கூற்றின் தலைமேல் @ என்னும் குறியிட்டு உறையின் பெயரை எழுதினால் போதும். உறை என்பதும் ஒரு செயற்கூறே. அது இன்னொரு செயற்கூற்றை வாங்கிக்கொண்டு, அதன் முன்னும் பின்னும் தன் வேலையைச் சேர்த்து, புதிய செயற்கூறாகத் திருப்பித் தருகிறது. அழைப்பவருக்கு வேறுபாடு தெரியாது. பழைய பெயரையே சொல்லி அழைக்கிறார்.

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் சிலர் சேர்ந்து, நூலகத்திற்கு ஒரு நினைவூட்டு மென்பொருளைத் திட்டப்பணியாக அமைத்தோம். நூலைத் திருப்ப வேண்டிய நாளுக்கு முன்பே மாணவருக்குக் கைப்பேசிச் செய்தி போக வேண்டும். அச்செய்தியை அனுப்புவது வெளியிலுள்ள ஒரு சேவை. நிரலில் ஏழு இடங்களில் அதனை அழைக்க வேண்டியிருந்தது. ஏழு இடத்திலும் 'விடை வராவிட்டால் இதைச் செய், பிழை வந்தால் அதைச் செய்' என்று எழுதினால் நான்கு வரி வேலைக்கு இருபது வரி எச்சரிக்கை ஆகிவிடும். படிப்பவர் வேலையைத் தேட வேண்டும். அதற்கு மாறாக, எச்சரிக்கை அனைத்தையும் உறைகளில் வைத்தோம். தமிழில் எழுதிக்காட்டினால் அது இவ்வாறு அமையும்:

@மறுமுயற்சி(முறை = 3)
@காலவரம்பு(நொடி = 5)
செயல் நினைவூட்டு(மாணவர், நூல்):
    செய்தி_அனுப்பு(மாணவர், நூல்)

கடைசி இரண்டு வரிகள் வேலை. முதல் இரண்டு வரிகள் காவல். நாளை மூன்று முறை என்பதை நான்கு ஆக்க வேண்டுமானால் வேலையைத் தொட வேண்டியதில்லை. இனி, ஒவ்வோர் உறையும் எதிலிருந்து காக்கிறது என்பதைப் பார்ப்போம்.

காலவரம்பு

பிழை என்று சொல்லிவிடும் சேவையைவிட, ஒன்றும் சொல்லாமல் இருக்கும் சேவையே ஆபத்தானது. இருபது எழுத்தர் அமர்ந்திருக்கும் ஓர் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் யாராவது பேசுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். யாரும் வேலையின்றி இல்லை. ஆயினும் எந்த வேலையும் நடக்கவில்லை. வாயிலில் வரிசை நீள்கிறது. வெளியிலுள்ள ஒரு சேவை மந்தமானதால் நம் மென்பொருள் முழுவதும் உறைந்துபோவது இப்படித்தான்.

'ஐந்து நொடிக்குமேல் காத்திராதே' என்பது காலவரம்பு உறை. இது தானாக வந்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. பைதான் நிரலாளர் பெரிதும் பயன்படுத்தும் 'ரிக்வெஸ்ட்ஸ்' என்னும் தொகுப்பு, நாமாக வரம்பைக் குறிப்பிட்டாலன்றிக் காலவரம்பு எதுவும் விதித்துக்கொள்வதில்லை.

மறுமுயற்சி

பல தவறுகள் நொடிப்பொழுதில் மறைபவை. மீண்டும் கேட்டால் விடை கிடைத்துவிடும். நூற்றுக்கு ஒரு முறை தவறும் சேவையை, தவறும்போது இன்னும் ஒரு முறை கேட்டால், இரு முறையும் தவறும் வாய்ப்பு பதினாயிரத்தில் ஒன்றாகிவிடுகிறது. ஒரே ஒரு வரி உறையால் கிடைக்கும் பயன் இது. ஆனால் இக்கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டு தவறுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாக இருத்தல் வேண்டும். சேவையே படுத்துக் கிடந்தால் எத்தனை முறை தட்டினாலும் கதவு திறவாது.

எதை மீண்டும் கேட்பது என்பதிலும் விவேகம் வேண்டும். 'இப்போது கூட்டமாக இருக்கிறது' எனப் பொருள்படும் 503 என்ற விடை வந்தால் சற்றுப் பொறுத்துக் கேட்கலாம். 'அப்படி ஒன்று இல்லை' எனப் பொருள்படும் 404 வந்தால் மீண்டும் கேட்பதில் பயனில்லை. கடவுச்சொல் தவறு என்று வந்ததை உறை மூன்று முறை திருப்பி அனுப்பினால், அந்தக் கணக்கே பூட்டப்பட்டாலும் வியப்பில்லை.

உறைகளின் வரிசையும் பொருளுடையது. செயலுக்கு அருகில் இருப்பது உள்ளுறை. மேலே இருப்பது வெளியுறை. மேலே காட்டியபடி காலவரம்பு உள்ளே இருந்தால், ஒவ்வொரு முயற்சிக்கும் ஐந்து நொடி உண்டு. முயற்சிகளுக்கிடையே ஒன்றும் இரண்டுமாக இடைவெளி விட்டால், மொத்தம் பதினெட்டு நொடி வரை ஆகலாம். வரிசையை மாற்றினால், எல்லா முயற்சிகளுக்கும் சேர்த்தே ஐந்து நொடி. முதல் முயற்சியே அதனை விழுங்கிவிட்டால் இரண்டாவதற்கு இடமில்லை. எழுத்து ஒன்றுகூட மாறாமல், இரு வரிகள் இடம் மாறியதால் பொருள் மாறிவிடுகிறது.

பிடிவாதம் விளைத்த நெரிசல்

மீண்டும் மீண்டும் கேட்பது கேட்பவருக்கு நன்மை. எல்லோரும் அப்படிக் கேட்டால் எல்லோருக்கும் தீமை. இதற்குப் புகழ்பெற்ற சான்று 1986ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நிகழ்ந்தது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்கும் இடையே தொலைவு 400 கெஜம். அவற்றிடையே நொடிக்கு 32,000 பிட் அளவில் சென்றுகொண்டிருந்த தகவல், நொடிக்கு 40 பிட் என்னும் அளவுக்கு வீழ்ந்தது. கம்பி எதுவும் அறுந்துவிடவில்லை. நெரிசலில் விடை தாமதமாக, அனுப்பிய பொட்டலம் தொலைந்தது என்றெண்ணிக் கணிப்பொறிகள் மீண்டும் மீண்டும் அனுப்பின. அந்த மறுபடிகளே நெரிசலைப் பெருக்கின. அங்குப் பணியாற்றிய வான் ஜேக்கப்சன், இதனை ஆராய்ந்து, நெரிசல் கண்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறைகளை 1988இல் வெளியிட்டார். இன்றைய இணையம் அந்த அடக்கத்தின்மீது நிற்கிறது.

அந்த அடக்கத்தை மறுமுயற்சி உறையிலும் வைக்க வேண்டும். முதலில் ஒரு நொடி, பிறகு இரண்டு, பிறகு நான்கு என இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போவது ஒரு வழி. ஈதர்நெட் பற்றி 1976இல் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் எழுதிய கட்டுரையிலேயே இவ்வெண்ணம் உண்டு. அதனுடன் சிறிது முன்பின்னான மாறுதலும் சேர்க்க வேண்டும். விடுதியில் மணி அடித்ததும் அனைவரும் ஒரே நேரத்தில் தட்டுடன் வந்து நின்றால் என்ன ஆகும்? எல்லோரும் இரண்டு நிமிடம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினால், இரண்டு நிமிடம் கழித்து அதே கூட்டம்தான் வரும். ஆளுக்கு ஒரு நேரம் சொன்னால்தான் கூட்டம் கலையும்.

இன்னொரு கணக்கும் நினைவில் கொள்ளத்தக்கது. ஒரு மென்பொருள் இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும், மூன்றாவது தரவுத்தளத்தையும் அழைக்கிறது. மூன்றும் தத்தம் அழைப்புக்கு 'மும்முறை முயல்க' என்ற உறையை அணிந்திருந்தால், அடியில் இருக்கும் தரவுத்தளம் ஒரே வேண்டுகோளுக்கு இருபத்தேழு முறை தட்டப்படும். களைத்துக் கிடப்பவனை இருபத்தேழு பேர் எழுப்புவது போன்றது அது. ஆகையால் மறுமுயற்சி ஓர் அடுக்கில் மட்டும் இருப்பது நலம்.

தொடர்பைத் துண்டிக்கும் உறை

வீட்டில் மின்னோட்டம் மிகுந்தால் சர்க்யூட் பிரேக்கர் விழுந்துவிடுகிறது. இருளில் சற்று நேரம் இருக்கிறோம். வீடு எரியாமல் தப்புகிறது. இந்தக் கருத்தை மென்பொருளுக்கு எடுத்துச் சொல்லிப் பரப்பியவர் மைக்கேல் நைகார்ட்; அவருடைய 'ரிலீஸ் இட்' என்னும் நூல் 2007இல் வெளிவந்தது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2012இல் 'ஹிஸ்ட்ரிக்ஸ்' என்ற பெயரில் இவ்வகைத் தொகுப்பொன்றைப் பொதுப் பயனுக்கு வெளியிட்டது. 2018இல் அதனை மேலும் வளர்ப்பது நின்றது. அதன் எண்ணம் பிற தொகுப்புகளில் வாழ்கிறது.

இவ்வுறைக்கு மூன்று நிலைகள். இயல்பான நிலையில் அழைப்புகளை உள்ளே விடுகிறது. தொடர்ந்து ஐந்து முறை தவறினால் துண்டித்துக்கொள்கிறது. அடுத்த முப்பது நொடிக்கு யார் கேட்டாலும் உடனே 'இப்போது இயலாது' என்று சொல்லிவிடுகிறது. முப்பது நொடி கழிந்ததும் ஒரே ஓர் அழைப்பை மட்டும் சோதனையாக விடுகிறது. அது வெற்றி பெற்றால் பழைய நிலை. தோற்றால் மீண்டும் முப்பது நொடி ஓய்வு. ஐந்து, முப்பது என்ற எண்களை அவரவர் தேவைக்கேற்ப வைத்துக்கொள்ளலாம். இதனால் இரு சாராருக்கும் நன்மை. கேட்பவர் வீணே காத்திருப்பதில்லை. நோயுற்ற சேவைக்கும் எழுந்து நிற்க நேரம் கிடைக்கிறது.

பணம் இரு முறை போனால்?

இதுவரை சொன்னவை பொறியியல். இனிச் சொல்வது மனிதரைப் பற்றியது.

நினைவூட்டுச் செய்தி ஒரு மாணவருக்கு இரண்டு முறை போனால் அவர் முகம் சுளிப்பார், அவ்வளவே. ஆனால் கட்டணம் இரண்டு முறை போனால்? என் விடுதி அறைத்தோழர் ஒருவருக்கு அது நேர்ந்தது. கட்டணம் செலுத்தக் கடைசி நாள். ஒரு பக்கத்தில் ஒரே முறைதான் பொத்தானை அழுத்தினார். கணக்கிலிருந்து இரண்டு முறை பணம் கழிந்தது. கூடுதலாகப் போன தொகை திரும்பி வரச் சில வாரங்கள் ஆயின. அந்தப் பணம் அவர் தந்தையார் மாதம் முழுவதும் சுமை தூக்கி ஈட்டியதில் ஒரு பங்கு. அந்த வாரங்களில் அவர் இரவு உணவை எப்படிச் சமாளித்தார் என்பதை உடனிருந்து பார்த்தேன்.

இத்தகைய இடத்தில் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது? காலவரம்பு முடிந்தது என்றால் வேலை நடக்கவில்லை என்று பொருளன்று. நடந்ததா என்று தெரியவில்லை என்பதே பொருள். நாம் காத்திருப்பதை நிறுத்திக்கொண்டோம். வங்கியின் கணிப்பொறி நிறுத்திக்கொண்டதா என்பதை நாம் அறியோம். தெரியாததை 'நடக்கவில்லை' என்று கொண்டு உறை மீண்டும் அனுப்பினால் பணம் இருமுறை போகும். யு.பி.ஐ. வழியே ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் பணம் கணக்கிலிருந்து கழிந்தும் உரியவரைச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திருப்பித் தர வேண்டும், தவறினால் தாமதிக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தது. இடைவழியில் நிற்கும் பணம் எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்கு அவ்விதியே சான்று.

இதற்கு மருந்து உண்டு. ஒவ்வொரு செலுத்துகைக்கும் ஒரு தனி எண் கொடுத்து அனுப்ப வேண்டும். அதே எண் மீண்டும் வந்தால், பணம் வாங்குமிடம் 'இது முன்பே முடிந்தது' என்று பழைய விடையையே தர வேண்டும். அப்போது ஒரு முறை கேட்டாலும் பத்து முறை கேட்டாலும் விளைவு ஒன்றே. இதிலும் உறையின் வரிசையைக் கவனிக்க வேண்டும். அந்த எண்ணை மறுமுயற்சி உறைக்கு வெளியே உண்டாக்க வேண்டும். உள்ளே உண்டாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் பிறந்து, மருந்தே இல்லாமற் போகும். எதிர்முனையில் இத்தகைய ஏற்பாடு இல்லையென்றால், பணம் தொடர்பான அழைப்புக்கு மறுமுயற்சி உறையே கூடாது. முதலில் நிலவரத்தைக் கேட்டறிய வேண்டும்.

காப்பதும் மறைப்பதும்

உறைகளுள் மிகக் கொடியது பிழையை விழுங்கும் உறை. பிழை வந்தால் வெறும் பட்டியலைத் திருப்பித் தந்துவிடு என்று எழுதுவது எளிது; திரையில் சிவப்பு எழுத்து எதுவும் வராது. ஆனால் உதவித்தொகைப் பட்டியலைப் பார்க்க வந்த மாணவிக்கு என்ன தெரியும்? 'உங்கள் பெயர் இல்லை' என்று தெரியும். உண்மையோ, 'பட்டியலைப் பார்க்க இயலவில்லை' என்பது. இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! முதலதைப் படித்தவள் படிப்பை நிறுத்தலாமா என்று எண்ணுவாள். இரண்டாவதைப் படித்தவள் நாளைக்கு வந்து பார்ப்பாள்.

மாற்று விடை தருவது தவறன்று. நேற்றைய பட்டியல் கையிலிருந்தால் அதனைக் காட்டலாம். ஆனால் 'இது நேற்றைய பட்டியல்' என்று சொல்லியே காட்ட வேண்டும். உறைக்குள் நிகழ்ந்த ஒவ்வொரு தவறும், ஒவ்வொரு மறுமுயற்சியும் பதிவேட்டில் ஏற வேண்டும். பைதானில் இதற்கொரு சிறு கவனிப்பும் தேவை. உறை போட்டபின் செயற்கூற்றின் பெயர் மறைந்து, உறையின் உட்பெயரே பதிவேட்டில் தெரியும். 'ஃபங்க்டூல்ஸ்' தொகுப்பிலுள்ள 'ராப்ஸ்' என்னும் கருவி அசல் பெயரை மீண்டும் ஏற்றித் தருகிறது. இல்லையேல் நூறு தவறுகளும் ஒரே பெயரில் பதிவாகி, எது தவறியது என்று அறிய வழியிராது.

மாணவ நண்பர்களே, நம்மில் பலர் நாளை மென்பொருள் எழுதப் போகிறோம். எழுதாதவரும் அதைப் பயன்படுத்தப் போகிறோம். ஓர் அழைப்புக்கு உறை போடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? இதனை இருமுறை செய்தால் யாருக்கேனும் இழப்பு உண்டா? இயலாமற் போனால் எதிரில் இருப்பவருக்கு உண்மையைச் சொல்கிறோமா? முதல் கேள்விக்கும் இரண்டாவதற்கும் விடை தேடக் கருவிகள் பல கிடைக்கின்றன. மூன்றாவதற்கு எந்தத் தொகுப்பும் விடை தராது. அதனை எழுதுகிறவர்தான் தர வேண்டும்.